மல்லி நின்ற இடம்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், மகள் ஷீபா, நிவேதா மேடம், கபாலி அண்ணன். ஐந்து பேர். அப்புறம் மல்லி என்ற குதிரை. என் நோட்டில் இதே வரிசையில்தான் எழுதியிருக்கிறது.

முதலில் ஞாபகம் வருவது வாசனைதான். கோவளத்துக் கடல் உப்பு, குதிரையின் வியர்வை, புது இரும்பில் அடித்த பெயின்ட்... மூன்றும் கலந்து வெயிலில் சூடாக மூக்கில் ஏறும்.

ஒன்பது வருஷம் ஆகிறது. ஷீபாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பிறந்ததிலிருந்தே கால் தசை இறுக்கம், குதிகால் தரையில் பதியாது. எத்தனையோ பயிற்சி செய்து பார்த்தோம். மல்லியின் முதுகில் உட்கார்ந்தால் மட்டும் அந்தக் கால் தானாக இளகித் தொங்கும். அதைப் பார்க்கவே வாரம் இரண்டு நாள் தாம்பரத்திலிருந்து பஸ் மாறி மாறிப் போவோம்.

அந்த வருஷக் காற்றில் மல்லியின் கொட்டகை சாய்ந்துவிட்டது. திருமுடிவாக்கத்தில் இரும்பு கேட், ஷெட் செய்யும் சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட் வைத்திருந்த என் வீட்டுக்காரர், "நானே ஷெட் போட்டுத் தர்றேன்" என்றார். அழகாகத்தான் போட்டார். ஆனால் மல்லி உள்ளே போகவில்லை.

"மூணு நாளா இஸ்துகினு கீறேன் சார். வாசலாண்ட வந்தா நின்னுடுது," என்றார் மல்லியைப் பார்த்துக்கொள்ளும் கபாலி அண்ணன்.

"அளவுல ஒரு நூல் கூட தப்பு இல்ல கபாலி. உன் குதிரைக்குத்தான் கொழுப்பு."

"கொழுப்பு கீதோ இல்லியோ, மழைக்கு முன்னாடி உள்ள போவலன்னா செங்கல்பட்டு பக்கம் அனுப்பிடுவேன்னு ஓனர் சொல்லிட்டாரு."

ஷீபா என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். நான் மனசுக்குள் ஜெபிக்க ஆரம்பித்தேன்.

நிவேதா மேடம் ஞாபகம் வந்தது அப்போதுதான். அவர் ஆர்க்கிடெக்ட். அதோடு, முதுகுவலிக்காரர்களைத் தரையில் படுக்க வைத்து, மூச்சு எங்கே போகிறது, எந்தத் தோள் இறுகியிருக்கிறது என்று கவனிக்கச் சொல்லித் தருவார். ஷீபாவுக்காக நானும் அந்த வகுப்புக்குப் போய், கிடைத்த புத்தகங்களைப் படித்து, மீதியை வீட்டில் நானாகவே பழகியிருந்தேன். போன் செய்தேன். மறுநாளே வந்துவிட்டார்.

அளவு டேப்பை அவர் வெளியே எடுக்கவே இல்லை. "எல்லாரும் செருப்ப கழட்டுங்க. கண்ண மூடிக்கிட்டு ஒவ்வொருத்தரா வாசல் பக்கம் நடங்க. உடம்புல எங்க மாறுதுன்னு தோணுதோ, அங்க நின்னுடுங்க," என்றார்.

"இன்னா மேடம், கண்ண மூடிகினு நட்ந்தா நேரா சொர்க்கமா?" என்றார் கபாலி அண்ணன். என் வீட்டுக்காரர், "இரும்பு வேலைக்கு எதுக்குங்க மூச்சுப் பயிற்சி" என்று முணுமுணுத்துக்கொண்டே ஷூவைக் கழற்றினார்.

நோட்டும் சுண்ணாம்புப் பொடியும் என் பொறுப்பு. யார் நிற்கிறார்களோ அங்கே ஒரு சிட்டிகை போட வேண்டும், பெயரை எழுத வேண்டும். கபாலி அண்ணன் தோள் சுருங்கி நின்றார். என் வீட்டுக்காரர் நின்றார், ஏனென்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. எனக்கு அடிவயிறு இறுகியது. ஷீபா, "அம்மா, இங்க என் மூச்சு நின்னுடுது" என்றாள்.

நான்கு சிட்டிகையும் வாசலுக்கு முன்னால் ஒரு முழத்துக்குள் கிடந்தன.

பிறகு மல்லி. கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு கபாலி அண்ணன் நடந்தார். மல்லி வந்தது... வந்தது... அந்த வெள்ளைப் பொடியின் மேல் முன்னங்கால் இரண்டையும் வைத்து நின்றது.

மல்லியின் பெயரை எழுத எடுத்த பேனாவை எழுதாமலே மூடிவிட்டேன். மனுஷருக்கும் மிருகத்துக்கும் ஒரே இடத்தில் பயத்தை வைத்தவர் எவ்வளவு பெரியவர் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணா, இப்ப நீங்க கூட்டிட்டு வாங்க," என்றார் மேடம், என் வீட்டுக்காரரிடம்.

அவர் அதுவரை மல்லியின் கயிற்றைத் தொட்டதே இல்லை. தயங்கித் தயங்கிப் பிடித்தார். வாசலில் அவர் முழங்கை ஃப்ரேமில் இடித்தது. உடம்பை ஒருக்களித்தார், கயிறு இழுபட்டது, மல்லி தலையைத் தூக்கிப் பின்வாங்கியது. அவர் அப்படியே ஃப்ரேமில் கை வைத்து நின்றுவிட்டார்.

"குதிரைய அளந்தேன்... கூட வர்ற ஆள அளக்கலையே."

உள்ளே வேறு ஒரே இருட்டு. வெயிலில் நின்று பார்த்தால் ஏதோ பள்ளம் மாதிரி இருந்தது. தன் கையால் வெல்டிங் வைத்த ஃப்ரேமை அவரே அறுத்தார். வாசலை அகலமாக்கி, பின்சுவரில் இரண்டு ஷீட்டைக் கழற்றி வெளிச்சம் வர விட்டார்.

அந்தச் சனிக்கிழமை ஷீபாதான் கயிற்றைப் பிடித்தாள். இருவரும் தோளோடு தோள் நடந்தார்கள். வாசல் வந்தது, கடந்தது. உள்ளே போய் மல்லி தலையைத் தாழ்த்தி நீளமாக ஒரு மூச்சு விட்டது. ஷீபாவும் விட்டாள். நான் அவள் காலைப் பார்த்தேன். இடது குதிகால் தரையில் பதிந்திருந்தது.

நோட்டில் 'மல்லி நின்ற இடம்' என்று ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தேன். இன்றுவரை அது காலியாகவே இருக்கிறது.

இப்போது மல்லி இல்லை. ஷெட் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. ஷீபா ஒரு கைத்தடியோடு காலேஜ் போகிறாள். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் யார் கேட் ஆர்டர் கொடுத்தாலும் "கூட யார் வருவாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் டேப்பை எடுக்கிறார். மற்ற இடங்களில் எல்லாம் கம்ப்யூட்டரிலேயே வீட்டைச் சுற்றிக் காட்டிவிடுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது, உடம்புக்குத்தான் ஒன்றும் தெரிவதில்லை.

போன ஞாயிறு பெருங்களத்தூரில் எங்கள் சபையின் புது ஹாலுக்கு வரைபடம் காட்டினார்கள். சாய்வுப் பாதையில் ஒரு சக்கர நாற்காலி போக சரியான அகலம். பக்கத்தில் கை பிடித்து வருகிறவருக்கு இடமில்லை. கமிட்டியில் எழுந்து சொன்னேன். அஸ்திவாரத்துக்கு முன் நடந்து பார்க்க ஒரே ஒரு நாள் தந்திருக்கிறார்கள்.

வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஹால் வரப்போகும் மைதானத்தில் வரைபடத்தின் அளவிலேயே சுண்ணாம்புக் கோடு போடுகிறோம். முட்டிவலி உள்ளவர்கள், கைத்தடிக்காரர்கள், இடுப்பில் குழந்தையோடு வருகிறவர்கள், எல்லாரும் வேண்டும். தனியாக வர வேண்டாம், ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

யார் யார் வருகிறீர்கள் என்று வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். நோட்டில் பெயர் எழுத வேண்டும்.