மேல் செட்டுக்கு ஒரு சிடி

கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்டால், நாம் எந்தப் பாட்டை எத்தனை மணிக்கு எத்தனை தடவை கேட்டோம் என்று யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாராம். பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற அம்மாவுக்கு அவருடைய மருமகன் சொன்னது. டோக்கனம்மா அக்காவிடம் சொல்ல, அக்கா அதைப் போனில் என்னிடம் சொல்லிவிட்டு ஒரு பாட்டம் சிரித்தாள்.

"யாருடா அது, அவ்வளவு வேலைவெட்டி இல்லாதவன்?"

நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். அந்த வேலைவெட்டி இல்லாதவன் நான்தான்.

அக்கா பல் செட் செய்கிறவள். முப்பத்தோரு வருஷமாக அதே ஆஸ்பத்திரியின் மாடி அறையில் வேலை. மீதி வேலை டப்பாவில் போட்டு வீட்டுக்கு வரும். வீட்டின் முன்னறை முழுக்க வாய்கள்தான்: பிளாஸ்டர் மாவில் வார்த்த மேல்தாடை, கீழ்தாடை, ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் ஒரு எண். மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, கடித்துப் பார்க்க வைத்து, பிறகு சின்ன மிஷினில் ராவுவாள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு அவளிடம் தயாராக ஒரு பதில் உண்டு. "இத்தனை வாயைப் பாத்தாச்சு. ஆயுசு முழுக்க ஒரே வாயைக் கேட்டுட்டு இருக்க என்னால ஆகாது."

கேட்டது பாட்டுதான். ஜன்னலோரம் ஒரு சிடி பிளேயர், அட்டைப்பெட்டியில் அறுபத்திரண்டு சிடி. பட்டன்கள் மேலெல்லாம் அவள் விரல் மாவு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருக்கும். வேலையில் பத்து விரலும் மெழுகாக இருந்தால் முழங்கையால் ஒரு தட்டு தட்டுவாள், பாடும். அவளுக்கு நேரம் கடிகாரத்தில் இல்லை. மேல் செட்டுக்குப் பல் நட ஒரு சிடி, கீழ் செட்டுக்கு இன்னொரு சிடி. சிடி நின்றதும் எழுந்து முதுகை நிமிர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருவாள்.

போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து நாலு மணி நேரம் எழ முடியாமல் கிடந்திருக்கிறாள். எனக்குத் தெரிந்தது பதினோரு நாள் கழித்து. அதுவும் டோக்கனம்மா வாய்தவறிச் சொல்லி.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாக்கா?"

"சொல்லிருந்தா? அங்கேருந்து கையை நீட்டித் தூக்கிருப்பியா?"

கடல் தாண்டி இருக்கிறவனை இதைவிடச் சுருக்கமாக யாரும் அடித்ததில்லை. அந்த நாலு மணி நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தேதியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆபீஸ் கேன்டீனில் யாருடைய பிறந்தநாளுக்கோ கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த லீவில் போனபோது சிடி பிளேயர் திக்கிக்கொண்டிருந்தது. ஒரு வரியை நாலு தடவை பாடும். சிடி வைக்கும் தட்டு வெளியே வராது, மெழுகுக் கத்தியால் நெம்ப வேண்டும். நான் என் பழைய லேப்டாப்பையும் இரண்டு ஸ்பீக்கரையும் அந்த இடத்தில் வைத்தேன். மாதாமாதம் பணம் கட்டி இணையத்தில் நான் பாட்டுக் கேட்கும் சந்தாவிலேயே அவளும் கேட்கலாம் என்றேன். அக்கா முதலில் முறுக்கிக்கொண்டாள். பிறகு இருபது வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு பாட்டின் பெயரை மெதுவாக, ஒரு விரலால், தட்டிப் பார்த்தாள். வந்துவிட்டது. அன்றைக்கு அதை ஒன்பது தடவை கேட்டாள்.

லீவு முடிந்து நான் இங்கே திரும்பிய மறுநாள்தான் கவனித்தேன். அது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் கேட்கும் சந்தா. அவள் வீட்டில் பாட்டு ஓடும்போது என் போனில் அந்தப் பாட்டின் பெயரும், வேறொரு கருவியில் ஒலிக்கிறது என்ற வரியும் வந்தன. அங்கே சாயங்காலம் ஆறு மணி, எனக்குக் காலை எட்டரை, பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பேன். பெயர் மாறினால் அவள் நன்றாக இருக்கிறாள். அந்த நேரத்தில் நான் பாட்டுக் கேட்பதையே விட்டேன். ஏழு மாதம் இப்படி ஓடியது. அக்காவிடம் மூச்சு விடவில்லை.

அவளுக்கு இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, ஒரே சந்தா என்பதால், என் மகளைத் தூங்கவைக்க நான் போடும் தாலாட்டுகள் அவள் பக்கமும் தானாகத் தலைகாட்டின. "பல்லு ராவிட்டு இருக்கிறவளைப் பாத்து ஆராரோங்குது. விரல் போயிடும்டா." இன்னொன்றைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. "இது முடியறதே இல்லை. ஒண்ணு முடிஞ்சா தானா அடுத்தது, அதுக்கப்புறம் அடுத்தது. எப்போ எழுந்திரிக்கிறதுன்னே தெரியலை. தோள் ரெண்டும் கழண்டுடும் போல இருக்கு." பழகிவிடும் என்றேன். எனக்கு வசதியான பதில் அது.

போன மாதம் ஒருநாள் பஸ்ஸில் ஏதோ யோசனையில் ஒரு பாட்டை அழுத்திவிட்டேன். அக்காவின் பாட்டு பாதியில் நின்றிருக்கும். சட்டென்று அணைத்தேன். அவள் பாட்டு திரும்ப வரவில்லை. மறுநாளும் இல்லை. போன் செய்தேன், எடுத்தாள், நன்றாகத்தான் பேசினாள். மூன்றாவது நாளும் இல்லாமல் போகவே, போனை எடுத்த எடுப்பில் கேட்டுவிட்டேன்.

"என்னக்கா, மூணு நாளா பாட்டே ஓடலை?"

பின்னால் ஓடிக்கொண்டிருந்த மிஷின் நின்றது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சும்மாதான் கேட்டேன்," என்று மழுப்பினேன்.

"நான் பாட்டுப் போட்டா உனக்கு நின்னுடுதுன்னு டோக்கனம்மா மருமகன் சொன்னான். பாவம், தம்பி வேலைக்குப் போற நேரம், அவன் கேக்கட்டும்னு நான் சும்மா உக்காந்து ராவிட்டு இருந்தேன்," என்றாள். பிறகு, "நீ கேக்கவே இல்லையா?"

"இல்லைக்கா. நீ கேக்கிறியான்னு பாத்துட்டு இருந்தேன்."

"தினமுமா?"

"தினமும்."

அந்தப் பக்கம் மிஷினை ஒரு தடவை போட்டு அணைத்தாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்போ அந்த ஒம்பது தடவை?"

"அப்போ நான் உன் பக்கத்துலதானே இருந்தேன்."

"அதுக்கப்புறமும் ஒருநாள் ஒம்பது தடவை போட்டேன்டா."

"தெரியும்."

"அடப்பாவி," என்றாள். குரலில் கோபம் இல்லை. கூச்சம்தான் இருந்தது. அதுதான் எனக்கு வலித்தது.

அவளுக்கென்று தனிச் சந்தா எடுத்துத் தருகிறேன், நான் எட்டிக்கூடப் பார்க்க முடியாது என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள். ஆஸ்பத்திரியில் நோயாளி நாற்காலிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்கிடம் சிடி பிளேயரைக் கொடுத்து, லென்ஸைத் துடைத்து, தட்டுக்குப் புது ரப்பர் பெல்ட் போட்டு வாங்கியிருந்தாள். அதை இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னாள்.

"உன்மேல வருத்தமெல்லாம் இல்லை. ஆனா ஒருத்தன் பாத்துட்டு இருக்கான்னு தெரிஞ்சா பாட்டு காதுல ஏறாதுடா. சோகப் பாட்டுப் போட்டா, அய்யோ தம்பி பயப்படுவானே, ஒரு குஷிப் பாட்டும் போடுவோம்னு தோணும். பாட்டுக் கேக்கிறதா, உனக்கு 'நலம், நலமறிய அவா'ன்னு லெட்டர் எழுதுறதா?"

"நான் என்ன பண்ணட்டும்க்கா? எனக்கு எப்படித் தெரியும், நீ..."

"தெரியுதுடா." குரல் இறங்கியது. "ஆறு மணிக்கு அடி. எடுத்தா எடுத்தேன். எடுக்கலைன்னா கையெல்லாம் மெழுகு, சிடி ஓடுதுன்னு வச்சுக்கோ. எழுபது நிமிஷம். அப்புறம் அடி. கீழ் செட்டும் இருந்தா இன்னொரு சிடி. அதுக்கும் எடுக்கலைன்னா டோக்கனம்மாவுக்கு அடிச்சு என் மானத்தை வாங்கு. எதிர் வீட்டுலதானே இருக்காங்க, சாவியும் அவங்ககிட்ட இருக்கு."

லேப்டாப் இப்போது ஒரு துணி போர்த்தியபடி அலமாரியில் இருக்கிறது. சிடி பிளேயர் மறுபடி ஜன்னலோரம். தோள்வலி குறைந்திருக்கிறதாம். மூன்று வாரமாக ஏற்பாடு சரியாகவே நடந்தது. பெரும்பாலும் முதல் தடவையே எடுத்துவிடுவாள். "இருக்கேன், இருக்கேன், போய் வேலையைப் பாரு" என்று நாலு வார்த்தை. இரண்டு நாள் மட்டும் எழுபது நிமிஷம் காத்திருந்தேன். சிடி நின்ற கையோடு எடுத்தாள், வாயில் தண்ணீரோடு.

இன்று எட்டரைக்கு பஸ்ஸிலிருந்து அடித்தேன். எடுக்கவில்லை. சரி, மேல் செட்டு.

ஒன்பது நாற்பதுக்கு ஆபீஸ் மாடிப்படியில் நின்று அடித்தேன். முழுதாக அடித்து ஓய்ந்தது. கீழ் செட்டும் இருக்கும் போலிருக்கிறது. பழக்கதோஷத்தில் போனில் பாட்டுப் பக்கத்தைத் திறந்தேன். லேப்டாப்பின் பெயருக்கு நேரே, நான் குறுக்கே வந்த அன்று அவள் கேட்ட பாட்டு, ஒரு நிமிஷம் நாற்பது விநாடியில், அப்படியே நின்றிருந்தது.

இப்போது மணி பத்து ஐம்பது. எழுபதும் எழுபதும் நூற்று நாற்பது. ஒரு சிடி எழுபத்தைந்து நிமிஷம்கூட ஓடும். நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்திருப்பாள், சிடி மாற்ற நேரம் ஆகும், தட்டு மறுபடி மக்கர் செய்திருக்கலாம். டோக்கனம்மாவின் எண்ணை எடுத்து வைத்துவிட்டு, முதலில் அக்காவுக்கே இன்னொரு தடவை என்று அழுத்தினேன்.

அடிக்கிறது. அந்த முன்னறையில், அத்தனை வாய்களுக்கும் நடுவில், மாவு படிந்த மேஜைமேல் போன் அடிப்பதை என்னால் பார்க்க முடிகிறது. பாட்டுச் சத்தம் இருக்கிறதா என்றுதான் தெரியவில்லை.

ஆறு தடவை அடித்துவிட்டது. ஏழு.