கார்ப்பெட்டுக்கு வாசல் தெளித்த கதை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, எங்கள் வீட்டு வாக்குவம் கிளீனரின் பையைத் திறந்தேன். தூசி கொட்டும் என்று பார்த்தால்... ஈர மண்! பிள்ளையார் பிடிக்கிற பதத்தில், உருண்டை உருண்டையாக.

ஏற்காட்டில், ஒண்டிக்கடை சந்திப்புக்கு மேலே ஒரு பழைய பங்களாவின் பாதியில் குடியிருக்கிறோம். அறை முழுக்கச் சுவரோடு சுவராக ஒட்டிய கார்ப்பெட். அதைப் பெயர்க்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் ஒரே கண்டிஷன்.

எங்கள் மகள் மலரின் மூக்குக்கும் அந்தக் கார்ப்பெட்டுக்கும்தான் ஆகவே ஆகாது. அவள் தும்மினால் என் மனைவி சரோஜா, ஆயுசு வேண்டி, "நூறு" என்பாள். அடுத்த தும்மலுக்கு "இருநூறு." காபி குடிப்பதற்குள் ஆயிரத்தைத் தாண்டிவிடும்! அப்புறம் இளைப்பு...

"தூசி போவணுமுங்க. இல்லீன்னா பாப்பாவைச் சேலத்துலயே வெச்சுப் படிக்க வையுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சேலத்தில் என் அக்கா வீடு இருக்கிறது. மலரின் துணிமணியைப் பெட்டியில் அடுக்கியும் ஆயிற்று. ஏழு வயதுக் குழந்தையை அனுப்பிவிட்டு எப்படி இருப்பது?

கடைசி முயற்சியாக மெஷின் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்து மலையேற்றினேன். தினமும் ஓட்டினேன். தும்மல் குறைந்ததா? கூடியது!

பையில் ஈரம் எப்படி வந்தது என்று சரோஜாவைக் கேட்டேன்.

"ஏனுங்க, தெளிக்காம கூட்டுனா தூசி பறந்து பாப்பா மூக்குலதானுங்களே ஏறும்? அதான் நீங்க மெசினை எடுக்கறதுக்கு முன்னாடி, ஒரு சொம்புத் தண்ணி தெளிச்சு உட்டர்றேன். தூசி நொம்ப நல்லா அமுங்கிக்குதுங்க!"

ஷாக் அடிக்காமல் இருந்ததே பெரிய விஷயம். மேகம் ஜன்னல் வழியாக வந்து போகிற ஊரில், கார்ப்பெட்டில் கால் ஈரமானால் யாருக்குச் சந்தேகம் வரும்? ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தால், தண்ணீரில் ஊறி, கார்ப்பெட்டின் அடியெல்லாம் பூஞ்சணம். தும்மல் கூடியது அதனால்தான்.

"நானே எம் புள்ளைக்குச் சீக்கை இழுத்து உட்டுட்டனுங்களே..." சரோஜா அழுதுவிட்டாள். அவள் மேல் என்ன தப்பு? மெஷினோடு வந்த புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது — தண்ணீர் தெளிக்காதே என்பதைத் தவிர. எழுதியவர் வீட்டில் வாசல் தெளித்துப் பழக்கமில்லை போலும். எந்த மெஷின் வந்தாலும் நாம் நம் பழக்கத்தோடுதானே அதன் பக்கத்தில் போய் நிற்கிறோம்?

வெயில் எட்டிப் பார்த்தபோதெல்லாம் ஜன்னலைத் திறந்து காய வைத்தோம். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் மெஷின் ஓடுகிறது — சொட்டுத் தண்ணீர் இல்லாமல்.

இந்த வாரம் மலருக்கு இளைப்பு இல்லை. "இங்கயே இருக்கட்டுமுங்க" என்றார் டாக்டர். பெட்டியைப் பிரித்து, துணியை மறுபடி பீரோவில் அடுக்கிவிட்டோம்.

நேற்று மெஷின் உறுமியபோது மலர் கேட்டாள்: "ஏனுங்கப்பா, எனக்குப் பதிலா இப்ப மெசினு தும்முதுங்களா?"

சமையலறையிலிருந்து சரோஜாவின் குரல் வந்தது — "நூறு!"