நடு ஏரியில் நின்றுபோகும் மோட்டார்

ஏரியின் நடுவில் மோட்டார் நின்றது. எனக்கு நீச்சல் தெரியாது என்பதால் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முன்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மச்சானோ வழக்கில் ஜெயித்தவர் மாதிரி திரும்பிப் பார்த்தார். "பாத்தியா மாப்ள? நல்லா ஓடுது, நல்லா ஓடுதுன்னு சொல்லி என்னைப் பைத்தியக்காரனாக்குனியே. இப்ப என்ன சொல்ற?" என்றார். அந்த நேரத்து வெயிலும், வலையில் ஒட்டியிருந்த பாசியின் வாசனையும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

மச்சான் என் அக்காவின் கணவர். வளைகுடாவில் படகு வாடகைக்கு விடும் ஓரிடத்தில் பல வருஷம் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். திருச்சி ஏர்போர்ட்டில் மற்றவர்கள் கம்பளியும் டிவியுமாக வெளியே வந்தபோது, இவர் நீளமான குழாய் ஒன்றைத் துணியில் சுற்றித் தள்ளிக்கொண்டு வந்தார். குழாயின் நுனியில் சின்னதாக ஒரு விசிறி. படகின் முன்முனையில் மாட்டுகிற பேட்டரி மோட்டார் அது. முதலாளி கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கிச் சரிசெய்திருந்தார். ஓட்டுவதெல்லாம் காலால்தான். பெடலை அமுக்கினால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், பாதத்தை முன்னும் பின்னும் சாய்த்தால் படகு திரும்பும். "ஊர்ல எல்லாரும் பொண்டாட்டிக்கு எதாச்சும் வாங்கிட்டு வராங்க. எம் புருஷன் ஃபேனைக் கழட்டிட்டு வந்திருக்காரு" என்று அக்கா பாலக்கரை முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

மதுரை ரோட்டுப் பக்கம் ஓர் ஏரியில் மீன் குத்தகை எடுத்தார். காலால் படகை ஓட்டிக்கொண்டே இரண்டு கையாலும் வலை இழுப்பார். துணைக்கு ஆள் வேண்டாம் என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. வளைகுடாவில் இருந்தவரை முதலாளியின் ஆள். லீவில் ஊருக்கு வந்தால் சொந்த வீட்டிலேயே விருந்தாளி. யாரையும் எதுவும் கேட்க வேண்டியில்லாத ஒரே இடம் அந்தத் தண்ணீர்தான். அதனால் மோட்டார் நடுவழியில் நிற்க ஆரம்பித்ததும் மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

உறையூரில் எனக்கு பேட்டரி, இன்வெர்ட்டர் கடை. ஸ்ரீரங்கத்தில் பாதி வீடுகளுக்கு நான்தான் பார்க்கிறேன். கரண்ட் போய் இன்வெர்ட்டரும் காலை வாரிவிட்டால் என் போன்தான் அடிக்கும். இதெல்லாம் ஒரு வேலையா என்ற தெனாவெட்டில் மோட்டாரைக் கடைக்குக் கொண்டுவரச் சொன்னேன். பேட்டரி டெர்மினலில் பூத்திருந்த உப்பைச் சுரண்டி எடுத்தேன். ஃப்யூஸை மாற்றினேன், வயரை மாற்றினேன், மோட்டாரைப் பிரித்து கார்பன் புதிதாகப் போட்டேன். டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை உள்ளே இறக்கி, பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. ஏரிக்குப் போனால் நின்றது. மறுபடி கொண்டுவந்தார், பெடலுக்குள் இருக்கும் சுவிட்சையும் மாற்றினேன். அப்போதும் நின்றது. "உன் கடையைக் கண்டா அதுக்குப் பயம்டா, அங்க மட்டும் ஒழுங்கா ஓடுது" என்றார் மச்சான். ரோஷம் தாங்காமல்தான் மீட்டரைத் தூக்கிக்கொண்டு அன்றைக்குப் படகில் ஏறினேன்.

நின்ற மோட்டாரில் மீட்டரை வைத்தேன். பேட்டரியில் கரண்ட் குறையவே இல்லை. மோட்டாருக்குத்தான் வந்து சேரவில்லை. அப்படியென்றால் கோளாறு நடுவில் இருக்கும் பெடலில். "காலை எடுத்துடாதீங்க மச்சான், நல்லா அமுத்திக்கிட்டே இருங்க" என்று சொல்லிக் குனிந்தேன். "அமுத்திக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார். அவர் பாதம் பெடலைத் தொடவில்லை. ஒரு விரல் நுழைகிற இடைவெளி தெரிந்தது. அவர் ஏரியைப் பார்த்தபடி, தொடையில் கையை ஊன்றி, இன்னும் பலமாக அமுக்குகிற ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க, நான் ஒருதடவை அமுத்திப் பாக்கறேன்" என்று மட்டும் சொன்னேன். இடம் மாறி உட்கார்ந்து என் காலை வைத்தேன். மோட்டார் ஓடியது. எதிர்க்கரை வரை போனோம், திரும்பி வந்தோம், மறுபடியும் போனோம். நின்ற மோட்டாரை ஓட வைத்துத்தான் என் குடும்பம் சாப்பிடுகிறது. அன்றைக்கு நான், யா அல்லாஹ், ஒரே ஒரு தடவை இதை நிற்க வையேன் என்று துஆ கேட்டேன். ஒரு வயர் அறுந்தால் போதும், ஒரு ஃப்யூஸ் போனால் போதும். அது நிற்கவே இல்லை.

பின்னாலிருந்து மச்சான், "போதும் மாப்ள, காலை எடு" என்றார். எடுத்தேன். மோட்டார் அடங்கியது. "இப்படித்தான் நிக்கும்" என்றார். அவரும் மெக்கானிக் இல்லையா? நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் குனிந்து வலது காலைக் கையால் கிள்ளிப் பார்த்தார். இன்னும் அழுத்திக் கிள்ளினார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

சுகர் அவர் பாதத்து நரம்புகளைத் தின்றுவிட்டிருந்தது. அடிப்பாதத்தில் சீழ் வைத்த புண் ஒன்று இருந்ததை டாக்டர் காட்டிய பிறகுதான் பார்த்தோம். முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். குத்தகை வேறு ஆளுக்குப் போனது. அதன்பிறகு ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. அடுத்த ரமலான் வருவதற்குள் மவுத்தாகிவிட்டார். இப்போதும் யாராவது கடைக்கு வந்து, "இங்க ஓடுதுங்க, வீட்டுக்குப் போனா நின்னுடுது" என்று சொன்னால் என் கண் முதலில் அவர் காலுக்குத்தான் போகிறது.

மச்சான் இறந்தபின் அக்கா இத்தாவில் இருந்தாள். துக்கக் கெடு முடியும்வரை வீட்டைவிட்டு வெளியே வரமாட்டாள் என்பதால் கடையைச் சாத்திவிட்டுத் தினமும் போய்ப் பார்ப்பேன். ஒருநாள் அவளாகவே சொன்னாள். "செருப்பு கழண்டு விழுந்தா அவருக்குத் தெரியாதுடா. ஒத்தச் செருப்போட தெருமுனை வரைக்கும் போயிடுவாரு. நான் பின்னாடியே போய் எடுத்துக் குடுப்பேன். அவசரத்துல மாட்டாம வந்துட்டேன்னு சிரிப்பாரு."

"எப்பலேருந்துக்கா?"

"நீ அந்த மோட்டாரை மொதத் தடவை பிரிச்சியே, அதுக்கும் முன்னாடி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காலும் தப்பியிருக்கும், ஆளும் தப்பியிருப்பார். "ஏன்க்கா சொல்லல?" என்று கத்திவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "சொன்னா தண்ணிக்குப் போக விட்டிருப்பீங்களா?" என்று கேட்டாள். "கல்யாணமான நாள்லேருந்து அவர் எங்கிட்ட இருந்தது லீவு நாள்லதான். அதுலயும் பாதி நாள் திரும்பிப் போற கவலையிலயே உக்காந்திருப்பாரு. அந்த ஏரிக்குப் போக ஆரம்பிச்ச அப்புறம்தான்டா, வீட்டுக்குள்ள வரும்போதே பாட்டுப் பாடிக்கிட்டு வந்தாரு."