புளி போட்டுத் துலக்கிய டெலஸ்கோப்

1983 ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குச் செங்கோட்டைக்குப் பின்னால் கூடும் பழைய சாமான் சந்தையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். மதுரையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நான். லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில் வசிக்கும் என் மனைவியின் தம்பி சுந்தரம். அவன் மனைவி கமலா. தரையில் சாக்கு விரித்துப் பித்தளைச் சாமான்களைப் பரப்பியிருந்த நசீர் பாய். ஐந்தாவதாக யாராவது நின்றிருந்தால் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. அப்படி ஒரு பனிமூட்டம்.

டில்லிக்கு வந்தவன் குதுப்மினாரைப் பார்க்காமல் இங்கே ஏன் வந்தான் என்று கேட்பீர்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கண்ணாடி தீட்டும் வேலைக்குப் போனவன் நான். தீட்டத் தீட்ட அதிலேயே பைத்தியம் பிடித்துவிட்டது. நில அளவைக்காரரின் திசைகாட்டி, கால் உடைந்த மைக்ராஸ்கோப், யாரோ ஜமீன்தார் வைத்திருந்த பூதக்கண்ணாடி என்று கடைப் பரண் நிறையச் சேர்த்திருக்கிறேன். டெலஸ்கோப் மட்டும் அகப்படவில்லை. வெள்ளைக்காரன் விட்டுப்போனதெல்லாம் கடைசியில் டில்லிச் சந்தைக்குத்தான் வந்துசேரும் என்று ஒரு வியாபாரி சொன்னதை நம்பி ரயில் ஏறினேன். பனியனுக்குள் தைத்திருந்த பணம் இருக்கிறதா என்று வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் நாக்பூருக்கு முன்பே தையல் விட்டுப்போயிற்று.

நசீர் பாயின் சாக்கில் அது கிடந்தது. மூன்று அடுக்காக இழுத்து நீட்டும் பித்தளை டெலஸ்கோப். மேலே பூசியிருந்த பழைய மெருகு கறுத்து, காய்ச்சிய வெல்லப்பாகு நிறத்தில் இருந்தது. ஒரு வளையத்தில் ‘லண்டன்’ என்ற பொறிப்பு. விலை ஐந்நூறு ரூபாய். கமலா எவ்வளவோ பேசியும் ஒரு ரூபாய் குறையவில்லை.

எடுத்துக் கண்ணில் வைத்தேன். வெள்ளை. இழுத்தேன், தள்ளினேன். அப்போதும் வெள்ளை.

“என்ன அத்தான் தெரியுது?” என்றான் சுந்தரம்.

“பால்சோறு தெரியுது மாப்ள.”

சிரித்துவிட்டு முன் லென்ஸைத் துண்டால் துடைத்துப் பார்த்தேன். இந்த மாதிரிக் கருவிகளில் முன் லென்ஸ் என்பது இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்தது. ஒட்டு கெட்டுப்போனால் உள்ளே புகை படரும். நம் கண்ணில் புரை விழுவது போல. புரை லென்ஸில் இருக்கிறதா, டில்லியில் இருக்கிறதா? வெயில் வராமல் எப்படிச் சொல்வது?

கமலாதான் இந்தியில் விளக்கினாள். சுந்தரத்துக்கு ஆபீஸ் இந்திதான் வரும். கமலாவுடையது கறிகாய்க்காரர்களோடு சண்டை போட்டுத் தேறியது. நசீர் பாய் பீடியைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொன்னார்.

“இருநூறு ரூவா குடுத்துட்டு எடுத்துட்டுப் போகச் சொல்றார் அண்ணா. வெயில் வந்ததும் பாருங்க. சரியா இருந்தா அடுத்த ஞாயித்துக்கிழமை பாக்கியக் குடுங்க. இல்லேன்னா இருந்தபடியே கொண்டு வந்தா உங்க பணம் வாபஸ். பனிக்காலத்துல அவர் வழக்கமே இப்படித்தானாம்.”

“நம்ம பேரு, வீடு எதுவும் கேக்கலையே?” என்றேன்.

“அவரே பயப்படல, நீங்க ஏன் அத்தான் பயப்படறீங்க?” என்றான் சுந்தரம்.

கோட்டையிலிருந்து லோதி ரோடு எட்டு ஒன்பது கிலோமீட்டர். பஸ்ஸில் அதைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இறங்கியதும் குளிர் தாங்காமல் ஸ்வெட்டரும் மப்ளரும் வாங்கியதில் எண்பத்தைந்து ரூபாய் போயிற்று.

வெயில் வரவில்லை. திங்கள், செவ்வாய், புதன், எல்லாம் வெள்ளைதான். விடியுமுன் எழுந்து ஜன்னலைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பேன். “டில்லி சூரியன் பத்து மணிக்கு மேலதான் அண்ணா ஆபீசுக்கு வரும். சில நாள் லீவு” என்பாள் கமலா.

ஜனவரி 13, வியாழன், போகி. பகலில் கடைத்தெருவைச் சுற்றிவிட்டுத் திரும்பினேன். பால்கனியில் குத்துவிளக்கு, செம்பு, பொங்கல் பானை, தாம்பாளம் எல்லாம் துலக்கிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. வரிசையின் கடைசியில், எல்லாவற்றையும் விடப் பளபளவென்று என் டெலஸ்கோப்.

கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“பித்தளைய எல்லாம் தேய்ச்சேனா, இது மட்டும் கறுப்பா கெடந்துச்சு. நாள் கெழமையும் அதுவுமா பாக்க நல்லாவா இருக்கும்? கண்ணாடியில தண்ணி படாம துணி சுத்திட்டேன் அண்ணா. ஊர்லேர்ந்து வந்த புளி. எப்படி வந்திருக்கு பாருங்க!”

அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். பழைய சாமான் சேர்ப்பவர்கள் அந்தக் கறுத்த மெருகைத் தொடவே மாட்டார்கள். அது போனால் பாதி மதிப்புப் போச்சு. இனி ‘இருந்தபடியே’ திருப்பித் தரவும் முடியாது. உள்ளே புரையாக இருந்தால் ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு பித்தளைக் குழாய் வாங்கியவன் ஆவேன். “நல்லா வந்திருக்கும்மா” என்றேன்.

மறுநாள் பொங்கல். பால் பொங்கியும் சூரியனைக் காணோம். பதினொன்றரை மணிக்குச் சுந்தரம் மொட்டை மாடியிலிருந்து கத்தினான்: “அத்தான், ஜல்தி!”

கருவியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். மூட்டம் கிழிந்து, அழுத்தமில்லாத ஒரு வெயில். லோதி தோட்டத்துச் சமாதியின் குமிழ்மாடம் முக்கால் கிலோமீட்டர் தொலைவில் சாம்பல் திட்டாகத் தெரிந்தது. கண்ணில் வைத்து மெல்ல இழுத்தேன். திட்டு கல்லாயிற்று. கல்லில் பொந்து. பொந்தில் ஒரு கிளி. அதன் மூக்கின் சிவப்பும், கழுத்தைச் சுற்றிய கோடும், அது காலைத் தூக்கிக் கன்னத்தைச் சொறிந்ததும் தெரிந்தன. புரையும் இல்லை, புகையும் இல்லை.

“ஏன் அண்ணா கண்ணு கலங்குது?” என்றாள் கமலா.

“வெயிலும்மா” என்று அவளிடம் கொடுத்தேன். அவள் அரைமணி நேரம் தரவில்லை.

ஜனவரி 16, ஞாயிறு. வாங்குவது என்று முடிவாகிவிட்டது. ஆனால் தன் சாமானை இந்தக் கோலத்தில் பார்த்தால் நசீர் பாய் என்ன சொல்வாரோ? துண்டைப் பிரித்ததும் அவர் வாயிலிருந்த பீடி விழுந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு கமலாவிடம் நீளமாகப் பேசினார்.

“திட்டறாரா?” என்றேன்.

“இல்ல. ஹோட்டல்காரங்க அலங்காரத்துக்கு இப்படி மின்னறதத்தான் கேக்கறாங்களாம். இப்ப இது எழுநூறு ரூவா சாமானாம்.”

“நாம தேய்ச்சதுக்கு நம்மகிட்டயே கூடுதலா?”

“பாக்கி தர்ற வரைக்கும் சாமான் அவருதாம் அண்ணா. நீங்க தள்ளி நில்லுங்க.”

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். சாமான் உங்களுடையது என்றால் தேய்த்த கூலியும் நீங்கள்தான் தர வேண்டும். மதுரைப் புளி, ரெண்டு மணி நேர வேலை, இருநூறு ரூபாய் எடுங்கள் என்றாள். நசீர் பாய் “இம்லி?” என்று வாயைப் பிளந்தார். புளியைச் சட்னிக்கு அரைப்பார்கள், பித்தளைக்குமா என்று விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்துக்காரர் தன் கடையிலிருந்து ஒரு கறுத்த கூஜாவை நீட்டி, “பெஹன்ஜி, இதையும்” என்றார். எழுநூறில் இருநூறு கழிந்து, விலை பழையபடி ஐந்நூறிலேயே வந்து நின்றது.

பாக்கி முந்நூறு. ரயில் சாப்பாட்டுக்குத் தனியாக வைத்தது போக என்னிடம் இருநூற்று நாற்பதுதான் இருந்தது. சுந்தரத்துக்கோ மாதக் கடைசி போலத்தான் மாத நடுவும். இருந்ததைக் கொடுத்துவிட்டு, மீதியை மணியார்டர் அனுப்புகிறேன் என்றேன். “ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக்கு எந்தத் தபால்காரன் வருவான்? அடுத்த முறை வரும்போது கொடு” என்று நசீர் பாய் டெலஸ்கோப்பை என் கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார். இப்போதும் பேர் கேட்கவில்லை.

மதுரையில் என் கடைக்கு இருபது வருஷமாக வருகிறவரிடமும் முழுப் பணம் வாங்காமல் நான் கண்ணாடியைக் கொடுத்ததில்லை. மறுநாள் ரயிலில் தலைமாட்டில் டெலஸ்கோப்பை வைத்துப் படுத்தவன், பனியனைத் தொட்டுப் பார்க்க மறந்து ஜான்சி வரை தூங்கிவிட்டேன். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக, கடனுக்குக் கண்ணாடி கேட்டு இரண்டு முறை திரும்பிப் போயிருந்த பஸ் கண்டக்டரைக் கூப்பிட்டனுப்பினேன்.

நசீர் பாய்க்கு நான் தர வேண்டியது, அறுபது ரூபாய்.