லான் அக்கா கடையில் முதல் கால்

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் ஓர் ஆரஞ்சை உரித்தார். வாசனை மூக்கில் ஏறியதும் என் வலது கால் தானாக ஓர் அடி முன்னால் போனது. சிரிக்காதீர்கள். அந்தக் காலை அப்படிப் பழக்கி வைத்தவர், ஜெர்மனியின் ஆஹென் நகரில் கடை வைத்திருந்த லான் அக்கா.

வியட்நாம்காரர். நான் அங்கே மெக்கானிக்கல் படித்தபோது கறிவேப்பிலைக்கு நாங்கள் நம்பியிருந்தது அவர் கடையைத்தான். மீன் சாஸும் கொத்தமல்லியும் கலந்த வாடைக்கு முதலில் மூக்கைப் பொத்தினேன். பிறகு அது இல்லாமல் சனிக்கிழமை விடிந்ததாகவே தோன்றவில்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை, அறை நண்பன் முருகேசன் சாம்பாருக்குக் கறிவேப்பிலை வாங்கிவரத் துரத்தினான். எனக்கோ லீவில் ஊர் போய்ப் பழனியில் முடியிறக்கிய மொட்டை, கறுப்புக் கோட்டு, கையில் காலிப் பை. கதவு திறந்திருந்தது, நுழைந்துவிட்டேன். உள்ளே சிவப்புத் தோரணம், ஊதுபத்திப் புகை. என்னைப் பார்த்ததும் லான் அக்கா அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

அன்று அவர்களுக்குப் புத்தாண்டு. முதலில் வாசல் மிதிக்கும் ஆள் எப்படியோ, வருஷமும் அப்படித்தானாம். அதற்காகவே அக்கா ஏற்பாடு செய்திருந்த அவருடைய பல் டாக்டர் சித்தப்பா, ஆரஞ்சுக் கூடையோடு ரயிலில் வந்துகொண்டிருந்தார். ரயில் வழக்கம்போலத் தாமதம்.

"எக்ஸாம் பாஸ் பண்ணிட்டியா?" என்று கேட்டார் அக்கா, நம்பிக்கையை விடாமல்.

"ரெண்டு தடவ ஃபெயில். மூணாவதும் போனா படிப்பே போச்சு."

"வேலை?"

"தேடிட்டிருக்கேன்."

அவர் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நமக்கா புரியாது? போணி சரியில்லையென்றால் நாள் முழுக்கப் புலம்பும் ஊர்க்காரன் நான். அதிலும் அந்த வருஷம் வியாபாரம் தேறாவிட்டால் கடையைக் காலி செய்யச் சொல்லியிருந்தார் கட்டிடக்காரர்.

"டேய், கடைய மூடினா பழி என் தலையிலதான்" என்றேன் முருகேசனிடம்.

"மூட விடாத மச்சி. அப்படியே நீயும் படிச்சுத் தொலை."

அன்று முதல் விடுதித் தமிழர் அத்தனை பேருக்கும் அரிசியிலிருந்து ஊதுபத்திவரை லான் அக்கா கடைதான். பனீருக்குப் பதில் டோஃபு. சாம்பாரிலும் டோஃபு. எங்கள் அறைக்குச் சாப்பிட வந்துகொண்டிருந்த தெலுங்கு நண்பன் வருவதையே நிறுத்திவிட்டான். பொங்கலுக்கு அக்கா பனை வெல்லம் தேடித் தந்ததோடு, பானை பொங்கும்வரை பக்கத்திலேயே நின்று எங்களைவிடச் சத்தமாகக் கூவினார்.

நான் பாஸானேன். கடையும் பிழைத்தது. அடுத்த புத்தாண்டுக்கு முந்தின நாள் போன் வந்தது.

"நாளைக்கு நீதான் முதல்ல வரணும். சிவப்புச் சட்ட போடு. ஆரஞ்சுக் கூடையோட வந்து வலது கால எடுத்து வை. மொட்ட அடிச்சுடாத."

"டாக்டர் சித்தப்பா?"

"அவருக்கு ரயில் ராசி இல்ல."

வேலை கிடைத்து பான் நகருக்கு வந்த பிறகும் வருஷம் தவறாமல் போனேன். ரயிலை நம்பாமல் முதல் நாளே போய் முருகேசன் வீட்டில் படுத்துக்கொள்வேன். என்னை யாரும் அவ்வளவு ஆவலாக எதிர்பார்த்ததில்லை, என் மாமியார் வீடு உட்பட.

போன வருஷம் முட்டிவலி தாங்காமல் அக்கா கடையை விட்டுவிட்டு மகளோடு ஹாம்பர்க் போய்விட்டார். அந்த இடத்தில் இப்போது வேறு யாரோ செல்போன் உறை விற்கிறார்கள். இந்தப் புத்தாண்டுக் காலையிலும், பழக்கதோஷம், சிவப்பு ஸ்வெட்டரும் ஆரஞ்சுக் கூடையுமாகப் போய் நின்றேன். வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனேன். கல்லாவில் இருந்தவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.