நான் போட்ட அம்புக்குறி

போர்டு எழுதுவது என் பிழைப்பு. பிளக்ஸ் வந்த பிறகும் தகரத்தில் கையால் எழுதித் தரச் சொல்லி காஞ்சிபுரத்தில் ஆள் வருகிறார்கள். அப்படி வந்த ஒரு பட்டுச்சேலைக் கடைக்காரர், திருவண்ணாமலைக்குப் போகிற ஆந்திரா பக்தர்கள் நம் ஊர் வழியாகத்தான் போகிறார்கள், அவர்களைக் கடைப் பக்கம் திருப்ப வேண்டும் என்றார்.

"மலையப் பெருசா போடுபா. மேல தீபம். கீழ அம்புக்குறி. கடைப் பேரு சின்னதா இருந்தா போதும்."

"அம்புக்குறி எந்தப் பக்கம்ணா?"

"நம்ம கடைப் பக்கம்தான். வேற எங்க?"

அது எனக்குத் தப்பாகப் படவில்லை என்றால் பொய். பட்டது. ஆனால் தீபத்தின் சுடர் அவ்வளவு அழகாக அமைந்துவிட்டதில் மற்றதெல்லாம் மறந்துபோனது. இரண்டு போர்டு எழுதினேன். ஒன்று முச்சந்திக்கு, இன்னொன்று திருவண்ணாமலை ரோடு ஊரை விட்டு வெளியேறும் செவிலிமேட்டுக்கு.

ஒரு மாதம் கழித்து, முச்சந்தி டீக்கடையில் காலை டீ குடித்துக்கொண்டிருந்தேன். கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் வந்து கீழேயே உட்கார்ந்தார்கள். அறுபது வயதிருக்கும். காலில் செருப்பு இல்லை. கணவரின் குதிகாலில் சுற்றியிருந்த துணியில் ரத்தம் காய்ந்திருந்தது. அந்தம்மா தெலுங்கில் மளமளவென்று பேசினார். எனக்குப் பிடிபட்டவை இரண்டே சொற்கள்: அருணாசலம், பௌர்ணமி. பிறகு மூன்று விரலைக் காட்டினார். மூன்று நாளில் பௌர்ணமி. இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும்.

கணவர் மேலே இருந்த என் போர்டைக் காட்டினார். பிறகு அம்புக்குறி காட்டிய கிழக்குப் பக்கம் கையை நீட்டி, "ஐயம்பேட்டை" என்று மட்டும் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

டீக்கடை அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. "பாவம்பா, ஐயம்பேட்டை வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்துக்கினு இருக்காங்க. மலையப் பாத்து, அம்பப் பாத்துப் போயிருக்காங்க. எவன் எழுதன போர்டோ, அவன் கை வெளங்குமா?"

நான் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு, "நான் செவிலிமேடுதாங்கா போறேன், கூட்டிக்கினு போயி விட்டுடறேன்" என்றேன். என் வீடு பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறது. செவிலிமேட்டில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது.

மொபெட்டில் உட்காரச் சொல்லி ஜாடை காட்டினேன். அவர் தன் பாதத்தைத் தொட்டுக் காட்டி, மேலே பார்த்துக் கும்பிட்டார். வண்டி ஏறுவதில்லை என்று வேண்டுதல். மூட்டைகளை மட்டும் வாங்கி வைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அவர் ஒவ்வொரு அடியும் குதிகால் படாமல் வைத்தார். வழியில் இரண்டு பேர் அவர்களைச் சேலை பார்க்கக் கூப்பிட்டார்கள். ஒரு புண்ணியவான் தானாக முன்வந்து காமாட்சியம்மன் கோயிலுக்கு வழி சொன்னார். வெளியூர்க்காரர்களுக்கு இந்த இரண்டைத் தவிர வேறென்ன தேவை இருக்க முடியும் என்பது எங்கள் ஊர் நினைப்பு.

செவிலிமேட்டில் பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் என் இரண்டாவது போர்டு நின்றது. அதே மலை, அதே தீபம். அம்புக்குறி ஊருக்குள் திரும்பிக் காட்டியது.

அவர் நின்றுவிட்டார். போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தவறான வழியில் இழுத்துக்கொண்டு வந்தவன் நான்தான் என்ற சந்தேகம் முகத்தில் அப்படியே தெரிந்தது. முதல் போர்டைத் தான்தான் தப்பாகப் புரிந்துகொண்டோம் என்று நினைத்திருப்பார் போல; மலை போட்ட போர்டு பொய் சொல்லும் என்று அவருக்குத் தோன்றவில்லை. வண்டியிலிருந்து மூட்டையை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பினார்.

நான் குறுக்கே போய் நின்றேன். அம்புக்குறியைக் காட்டிக் கையை ஆட்டினேன். பிரஷ் பிடிப்பதுபோலக் காற்றில் எழுதிக் காட்டி, நெஞ்சைத் தொட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேறு வழி தெரியாமல் போர்டுக்கு எதிரே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தப்பு, தப்பு. அவர்களும் பக்கத்தில் வந்து நின்று, மலையைப் பார்த்துப் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

என் எதிர்வீட்டுக்காரர் வீட்டில் பேசுவது தெலுங்குதான். ஒரு போன் போட்டு அந்தம்மாவிடம் கொடுத்திருந்தால், நடந்ததை ஒரே நிமிஷத்தில் சொல்லியிருப்பார். அப்போது அது தோன்றவில்லை என்றுதான் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். தோன்றியது. வெட்கமாக இருந்தது, போடவில்லை.

அந்தம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நகத்திடுக்கில் ஆரஞ்சு பெயின்ட். சட்டென்று என் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். போர்டில் இருந்த அதே நிறச் சுடரைப் பார்த்தார். கணவரிடம் ஏதோ சொன்னார். அவர் முகம் மாறியது. மூட்டையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, நான் காட்டிய பாலத்தின் பக்கம் திரும்பினார். அருணாசல மலையை வரைந்தவனுக்கா அதன் வழி தெரியாது என்று நினைத்திருக்க வேண்டும்.

அந்தம்மா கிளம்பும் முன் என் வலது கையை இரண்டு கைகளாலும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.