திரைத்துணிப் பாவாடை

எங்கள் வீட்டு மாடியில் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்யும் தெக்கத்திப் பெண்பிள்ளைகள்தான் குடியிருக்கிறார்கள். ஒரு ஷிப்ட் போகும்போது ஒரு ஷிப்ட் வந்து படுக்கும். மாடியில் எந்நேரமும் யாரோ தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதால் நான் இருமுவதுகூட வாசலுக்குப் போய்த்தான்.

போன சித்திரையில் அவர்களில் சிலர் கையில் துணியோடு கீழே இறங்கி வந்தார்கள். கம்பெனிக்குள் கிரிக்கெட் போட்டியாம். வேலை செய்கிற லைனுக்கு லைன் அணி பிரித்து ஆடுகிறார்கள். ஆடுகிறவர்களுக்கு உற்சாகம் கொடுக்கக் கையில் ஜிகினாக் குஞ்சம் வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளைகள் ஆடிப்பாடிக் கத்த வேண்டுமாம். அதற்கு சூப்பர்வைசர் வாங்கிக் கொடுத்த துணி அது. முழுக்கை, கழுத்துவரை மூடியது, தொட்டால் பிளாஸ்டிக் காகிதம் மாதிரி சரசரக்கிறது.

"தாத்தா, இதப் போட்டுட்டு மத்தியானம் வெயில்ல நிக்கச் சொல்லுதாரு. வெந்துருவோம்லா?" என்றாள் ஒருத்தி.

"லைன்லயாச்சும் ஏசி இருக்கு. இங்க அதுவும் கிடையாது" என்றாள் இன்னொருத்தி.

பழைய வேட்டித் துணியில் தொளதொளவென்று தைத்துப் போட்டுக்கொள்ளுங்கள், தலைக்கு ஈரத் துண்டு கட்டுங்கள், காற்று போனால் போதும் என்று சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். "வேட்டியக் கட்டிக்கிட்டா தாத்தா?" என்று கேட்டுவிட்டு மாடிக்கு ஏறிவிட்டார்கள். சிரிக்கட்டும். எனக்கு இப்போதெல்லாம் ஒரு பேச்சை இரண்டாம் முறை சொல்ல உடம்பில் தெம்பு இல்லை. ஆனால் வேட்டித் துணி என்று நான் சும்மா சொல்லவில்லை. அதைச் சொன்னது என் அம்மா. அன்றைக்கும் அதற்குக் கேலிதான் கிடைத்தது. கடைசியில் சொன்ன அவளே அதை மீறினாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

பிள்ளைப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். ஊருக்கென்று சின்னதாக ஒரு ஏரி உண்டு. செம்பரம்பாக்கத்து ஏரியைப் பார்த்தவர்கள் எங்கள் ஏரியைக் குட்டை என்பார்கள். அது போகட்டும். கோடையில் அந்த ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடிக்கும். மேடு பள்ளத்தைச் சமப்படுத்தி, ஆற்று மணலை வண்டியில் கொண்டுவந்து கொட்டினால் சடுகுடு மைதானம் ரெடி. வருசா வருசம் பக்கத்து ஊரோடு ஆட்டம். கத்திரி வெயிலில்தான் ஆட்டம், ஏனென்றால் அப்போதுதான் ஏரியில் தண்ணீர் இருக்காது, கழனியில் வேலையும் இருக்காது.

முந்தின வருசம் நாங்கள் தோற்றுவிட்டோம். ஏன் தோற்றோம் என்று ஊரில் ஆளுக்கொரு காரணம். ஆடினவர்களுக்குத் தெம்பில்லை என்ற உண்மையைத் தவிர எல்லாக் காரணமும் பேசினார்கள். என் மாமா, அதாவது அம்மாவுக்குத் தம்பி, புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். "அவுங்க சைடுல சத்தம் ஜாஸ்தி. நம்ம சைடுல எவனுக்குங் கொரலே இல்ல. எழவு வூட்டாட்டம் குந்திகினு இருந்தா எவன் ஜெயிப்பான்?"

மாமா சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஒரு டென்ட் கொட்டாயில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். மணல் தரையில் உட்கார்ந்து படம் பார்க்கிற கொட்டாய். தினம் இரண்டு காட்சி பார்க்கிறவர் என்பதால் உலகத்தில் எது எப்படி நடக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. இந்த வருசம் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு கூட்டம் நிறுத்துவது, எல்லாருக்கும் ஒரே மாதிரி உடுப்பு, ஒரே குரலில் கத்துவது என்று தீர்மானித்தார். முன்னால் நின்று குரல் எடுத்துக் கொடுக்க என் அக்கா.

அக்காவுக்கு அப்படி ஒரு குரல். ஏரிக்கரையிலிருந்து மாட்டைக் கூப்பிட்டால் அந்தக் கரையில் மேய்கிற அடுத்த ஊர் மாடும் நிமிர்ந்து பார்க்கும். வீட்டில் அந்தக் குரலுக்குத் திட்டுதான் கிடைத்தது. அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். "பொட்டப்புள்ள தொண்டையா இது" என்று தினம் ஒரு தரமாவது சொல்லிவிடுவாள். ஆட்டத்துக்கு அக்கா போகிறாள் என்றதும் அத்தை அப்பாவிடம் போய் நின்றாள்.

"ஆளாவற வயசு, டேய். ஆம்பளைங்க கோமணங் கட்டிகினு ஆடற எடத்துல நின்னுகினு கத்துவாளா? ஊரு இன்னா பேசும்?"

அப்பா கொஞ்சம் யோசித்து, "இந்த ஒரு வருசம் போவட்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அக்கா ராத்திரி பகல் தொண்டையைத் தீட்டினாள். "புடி புடி, காலப் புடி!" என்று அவள் எடுக்க, "வுடாத வுடாத, கோட்டத் தொட வுடாத!" என்று நாங்கள் முடிக்க வேண்டும். தவிடும் புண்ணாக்கும் கலக்கும்போதுகூட அவள் வாயில் அதுதான். "ஏரி முழுக்கக் கேக்கணும்டா. அந்தக் கடேசில நிக்கறவனுக்கும் கேக்கணும்" என்பாள் என்னிடம்.

எங்கள் தெருவில் அக்கா வயதுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக விளையாட வருவது நின்றுகொண்டிருந்த காலம் அது. திடீரென்று ஒரு நாள் வீட்டோரம் பச்சைத் தென்னங்கீற்றில் குடிசை போட்டு ஒருத்தியை உள்ளே உட்காரவைப்பார்கள். அப்புறம் மஞ்சள் தண்ணீர், புட்டு, உளுந்தங்களி, பந்தல், பாட்டு. அதற்குப் பிறகு அவள் வாசலைத் தாண்டி வரமாட்டாள். அது என்ன என்று நான் கேட்டதற்கு "சூட்டு ஒடம்புடா" என்று சொல்லியிருந்தாள் அத்தை. பச்சைக் கீற்று குளிர்ச்சியல்லவா, அதனால் நம்பிவிட்டேன்.

ஆட்டத்துக்குச் சில நாள் முன்னால் மாமா ஒரு மூட்டையோடு வந்தார். கொட்டாயில் திரைக்கு முன்னால் தொங்கிய பழைய சிவப்புத் துணியை மாற்றிவிட்டார்களாம். முதலாளியிடம் கேட்டு வாங்கி, தையற்காரரிடம் கொடுத்து, பெண்களுக்குப் பாவாடை, பையன்களுக்குக் கோட்டு என்று தைத்தே கொண்டுவந்துவிட்டார். கம்பளி போலக் கனம். உதறினால் பீடி வாசனை வந்தது. எத்தனை படத்துப் புகையோ.

அம்மா கையால் தூக்கிப் பார்த்தாள். "இன்னாடா இது? இத்தப் போட்டுகினு வெயில்ல நிக்கறதா? கொளந்தைங்கள அவிக்கப் போறியா?"

"தூரத்துலருந்து பாத்தா செவசெவன்னு தெரியும்க்கா. எதிராளிக்குக் கண்ணு கூசும்."

"உம் பொண்டாட்டிக்குப் போட்டு வுடு மொதல்ல."

மாமாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அம்மா அதோடு விடவில்லை. அப்பாவின் பழைய வேட்டிகளை எடுத்துத் துவைத்து, பெண்களுக்குப் பாவாடை, பையன்களுக்குத் தொளதொளச் சட்டை என்று அவளே கையால் தைத்தாள். துவைத்துத் துவைத்து மெலிந்த துணி. போட்டால் போட்டதே தெரியாது.

"வெள்ளையா? எழவு வூட்டுக்கா போறோம்?" என்றார் மாமா.

"கத்திரி வெயில்ல உன்னுத மாட்டிகினா எழவு வூடுதான் ஆவும், போடா."

மாமா தோற்றார். ஆனாலும் ஆட்டத்தன்று அந்தச் சிவப்பு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டே வந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "கெடக்கட்டும்" என்றார்.

அன்றைய வெயிலை எப்படிச் சொல்வது? மணலில் கால் வைத்தால் கால் தானாகத் தூக்கிக்கொள்ளும். எதிர் ஊர்க்காரர்கள் தாரை தப்பட்டையோடு வந்திருந்தார்கள். பெண்கள் எல்லாரும் கரைமேல் புளியமரத்து நிழலில். அத்தை நடுவில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். நாங்கள் கரைக்கு முதுகைக் காட்டி, கோட்டுக்குப் பக்கத்தில் நின்றோம். எங்களுக்கு முன்னால் அக்கா. வெள்ளைப் பாவாடை, தலையில் ஈரத் துண்டு. "புடி புடி" என்று அவள் எடுத்ததும் எதிராளியின் தப்பட்டை ஒரு நொடி நின்றது. பொய்யில்லை. நின்றது.

பாதி ஆட்டத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. அம்மா எங்கள் துண்டுகளை நனைக்கத் தண்ணீர்க் குடத்தோடு கரையிலிருந்து இறங்கி வந்தாள். அக்காவின் பின்னால் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குடத்தைக் கீழே வைத்தாள். அக்காவின் முதுகோடு ஒட்டி நின்றுகொண்டு காதில் என்னவோ சொன்னாள். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யம்மா, இந்த ஒரு ஆட்டம் முடியட்டும்மா. முடிஞ்சதும் வந்துடறம்மா."

வெயில் தாங்காது, நிழலுக்கு வா என்று அம்மா கூப்பிடுகிறாள், அக்கா வர மறுக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அம்மா கரையைப் பார்த்தாள். அத்தை வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா மறுபடி அக்காவைப் பார்த்தாள். பிறகு மாமாவைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அந்த மூட்டைய எடுத்தா."

மாமா முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "இன்னாக்கா, இப்பத்தான் புத்தி வந்துதா?"

"வந்துதுடா. எடுத்தா."

அம்மா முதல் பாவாடையை எடுத்து, வெள்ளைக்கு மேலேயே அக்காவின் இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். கரையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "இன்னாடி, அவளுக்கு மட்டும் கல்யாணப் பொண்ணாட்டம் செவப்பு?"

அம்மா நிமிர்ந்து எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு மூட்டையை அப்படியே மணலில் கவிழ்த்தாள்.

"எல்லாத்துக்கும் போட்டு வுடுடா. ஒருத்தர வுடாத."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை நாளும் அதைத் திட்டின அம்மாவே என்னைப் பிடித்து அந்தச் சிவப்புக் கோட்டுக்குள் திணித்தாள். உள்ளே வேட்டித் துணி, மேலே திரைத்துணி. அடுப்பில் இறக்கின மாதிரி இருந்தது. "எரியுதும்மா" என்றேன். "கொஞ்ச நேரம்டா, என் கண்ணுல்ல" என்றாள். அம்மா எங்களிடம் அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை.

மிச்ச ஆட்டம் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. வியர்வை கண்ணில் வழிந்தது. ஒரு பையன் வாந்தி எடுத்தான். அக்காவின் குரல் மட்டும் குறையவே இல்லை. கடைசியில் எதிராளி கோட்டைத் தொட விரலை நீட்டியபோது அவள் கத்திய கத்தலில் என் காது அடைத்துக்கொண்டது. எங்கள் ஆட்கள் மூன்று பேர் அவன்மேல் விழுந்தார்கள். நாங்கள் ஜெயித்தோம்.

மாமாவைத் தரையில் பிடிக்க முடியவில்லை. சாகிறவரை அவர் அந்தக் கதையைச் சொன்னார். "செவப்பப் பாத்து மெரண்டானுங்க. எங்க அக்காவே கடேசில எங்கிட்டதான் வந்து கேட்டா." அம்மா பக்கத்திலேயே அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

மறுநாள் விடிந்தபோது வீட்டில் ஒரே கூட்டம். விடியற்காலையில்தான் அக்கா ஆளானாள் என்று அம்மா சொல்லியிருந்தாள். அந்த நேரத்தை வைத்து ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். நல்ல நட்சத்திரம், பெண் யோகக்காரி, வாக்கப்படும் இடத்தில் அவள் வைத்ததுதான் சட்டம் என்று பலன் சொன்னார். இல்லாத நேரத்துக்கு எழுதின பலன், எப்படிப் பலிக்கும்? அக்கா போன வீட்டில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை. பேரன் பேத்தி எடுத்த பிறகு ஒரு நாள், மூட்டுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, அது விடியற்காலையில் இல்லை, முந்தின நாள் மைதானத்திலேயே என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். அதுவரை எனக்குத் தெரியாது.

கீற்றுக் குடிசை கட்டுவது தாய்மாமன் வேலை. முந்தின நாள் குதித்த மாமா அன்றைக்குத் தென்னங்கீற்றைச் சுமந்துகொண்டு பேசாமல் வந்தார். பேசாமல் கட்டினார். துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சிவப்புப் பாவாடையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு பாவாடையை மட்டும் அம்மா விடியுமுன் துவைத்திருந்தாள். மாமா அதைப் பார்த்ததும் குனிந்து கீற்றை முடையத் தொடங்கினார். பின்னால் அத்தனை வருசமும் அவர் பெருமையடித்தது தெரியாமலா, தெரிந்தா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் ஆள் இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அம்மா நுங்குத் தண்ணீர் தடவிவிட்டிருந்தாள். அக்காவுக்கு அந்தச் சிவப்புத் துணியால்தான் சூட்டு உடம்பு வந்துவிட்டது, அதனால்தான் பச்சைக் கீற்றுக்குள் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. கிட்டே போகக்கூடாது என்றாள் அத்தை. அவள் அந்தப் பக்கம் போனதும் நான் குடிசையின் பின்னால் போய்க் குந்தினேன். கீற்றின் சந்தில் அக்காவின் மஞ்சள் பூசின கை தெரிந்தது.

"டேய், கடேசில நிக்கறவங்க வரிக்கும் கேட்டுதாடா?" என்றாள். குரல் கட்டிப்போய்க் காற்றாக வந்தது.

"கேட்டுது. எனக்குக் காதே அடச்சிப்பூட்ச்சி."

உள்ளே அவள் சிரித்த மாதிரி இருந்தது. எனக்கு முதுகு அரித்தது. சொறிந்துகொண்டே சொன்னேன்: "அந்தச் செவப்பாலதான்க்கா எல்லாம். அடுத்த வருசம் நாம வெள்ளையே கட்டிக்கலாம். காத்து வரும்."

சந்தில் தெரிந்த கை ஓர் ஓலை நுனியைக் கிழித்துக்கொண்டிருந்தது. நான் அரிப்பு தாங்காமல் எழுந்தேன்.

"சரிடா" என்றாள் அக்கா. "அடுத்த வருசம் வெள்ளையே கட்டிக்கலாம்."

அப்புறம் நான் விளையாடப் போய்விட்டேன்.